சிங்கராஜாவுக்காகக் கரடி பத்தியம் இருந்த கதை

ஒரு காட்டில், குழந்தைகளே, வீரகண்டன் என்றொரு சிங்கராஜா இருந்தது. பெயர்தான் வீரகண்டன்; ஒரு துரும்பைக்கூட அது தானாக நகர்த்தியதில்லை. வேட்டையாட ஓநாய், பிடரி வாரக் குரங்கு, ஈ ஓட்ட நரி. தின்கிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. வேளைக்கு ஒரு கொழுத்த பன்றி. தின்ற வாயைத் துடைப்பதற்குள் குறட்டை!

வயிறு சும்மா விடுமா? நெஞ்சு எரிந்தது. புளித்த ஏப்பம் தொண்டைவரை ஏறிக் குரலை அரித்தது. ராஜாவுக்கு அதுதான் பெரிய பயம். ஏனென்றால் ஆண்டுக்கொருமுறை, எல்லைப் பாறையில் நின்று அது மூன்று முறை கர்ஜிக்க வேண்டும். குரல் எழும்பாவிட்டால் காடு பக்கத்துக் காட்டுச் சிங்கத்துக்குப் போய்விடும். அந்த நாளுக்கு ஒரு மாதமே இருந்தது.

வைத்தியச்சி மந்தி வந்தது. ராஜாவை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, தன் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"பித்தம் மிஞ்சிவிட்டது, மகாராஜா. சீரகத் தண்ணீர், நெல்லிச்சாறு, அதிமதுரம் தருகிறேன். ஆனால் பத்தியம் முக்கியம். அரை வயிறு கஞ்சி, நீர்மோர், அவ்வளவுதான். தின்றதும் படுக்காமல் நூறடி நடக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் வாயைக் கட்ட வேண்டும்."

"பூ, இவ்வளவுதானா!" என்றது ராஜா. "டேய் கரடி, இங்கே வா. இன்று முதல் நீ பத்தியம் இரு."

"நானா? நெஞ்சு எரிவது உங்களுக்கல்லவா, மகாராஜா?"

"எனக்காக நரி ஈ ஓட்டவில்லையா? அதுபோல இதுவும் ஒரு வேலை. ராஜாவுக்காகப் பத்தியம் இருக்க ஆளுக்கா பஞ்சம்?"

மந்தி தலையில் அடித்துக்கொண்டது. "மருந்தையாவது நீங்கள் குடிப்பீர்களா?"

"துவர்க்குமா?"

"துவர்க்கும்."

"அப்படியானால் அதையும் அவனே குடிக்கட்டும்."

பாவம் கரடி, கஞ்சி குடித்தது, நடந்தது. ஒருநாள் அந்தி சாய்ந்தபின் தேன்கூட்டை ஏக்கத்தோடு பார்த்துவிட்டது. அவ்வளவுதான், ராஜாவுக்கு வந்ததே கோபம்! "அடப்பாவி! என் உடம்போடு விளையாடுகிறாயா?" என்று கத்தியது. கத்துவதற்காக, வாயில் இருந்த பன்றித் தொடையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டது.

அந்த நாள் விடிந்தது. காடே பாறையடியில் கூடியது. எல்லைக்கு அப்பால் பக்கத்துக் காட்டுச் சிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வீரகண்டன் மூச்சு வாங்கப் பாறையில் ஏறி, வாயை அகலத் திறந்தது.

"ஏவ்வ்!"

புளித்த ஏப்பம். இரண்டாவது முறையும் ஏப்பம். மூன்றாவது முறை அதுகூட வரவில்லை. எலிக் குஞ்சு மாதிரி ஒரு கீச்சொலி. பக்கத்துக் காட்டுச் சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தபடியே எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது.

"துரோகி!" என்று கரடிமேல் பாய்ந்தது வீரகண்டன். "எங்கேயோ பத்தியத்தை முறித்திருக்கிறாய்!"

"ஒருவேளைகூட முறிக்கவில்லை, மகாராஜா," என்றது கரடி. அதன் தொந்தி போன இடம் தெரியவில்லை. "எனக்கிருந்த நெஞ்செரிச்சல்கூடப் போய்விட்டது."

புது ராஜா வெளியே போகும் வழியைக் காட்டியது. வீரகண்டன் திரும்பி ஓநாயைப் பார்த்தது, குரங்கைப் பார்த்தது, நரியைப் பார்த்தது. அதற்காக நடக்க யாரும் முன்வரவில்லை. அன்றுதான் அது முதன்முதலாகத் தன் காலால் நூறடி நடந்தது, காட்டைவிட்டு.

நீதி: தன் வாயைத் தானே கட்டாதவனை எந்த மருந்தும் காப்பாற்றாது.