உலகம் பூராவும் நிழல்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் குரு வடிவம்மைக்கு நாற்பது வயது. சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபத்திரண்டு. அவர் குருவைத் தாயே என்று கூப்பிடுவார். குரு அவரை ஐயா என்பார்.

அந்த மடத்தில் காவி வாங்குகிறவர்கள் விடியும் வேளையில் குளத்தில் இறங்க வேண்டும். மனசில் இருக்கிற ஆசைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக்குப் போட வேண்டும். இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தன் வாயாலே சொன்ன பிறகுதான் காவி. சுடலைமுத்து ஒன்பது வருஷமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தார்.

அன்றைக்குக் குளத்தின் மேல் பனி இறங்கியிருந்தது. மலையைக் காணோம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“வீடு.”

முழுகினார்.

“தென்னந்தோப்பு.”

முழுகினார்.

“மகன் வந்து கூப்பிட மாட்டானான்னு ஒரு ஆசை.”

இந்தத் தடவை தலை வெளியே வரக் கொஞ்சம் நேரமானது.

“கருவாட்டுக் குழம்பு.”

காவித்துணியை ஏந்தி நின்ற சமையல்காரி செல்லத்தாய் சிரித்துவிட்டாள். “அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி! அதான் ஒன்பது வருஷமா என் கீரைக்குழம்பைக் கண்டாலே மூஞ்சி சுருங்குச்சா?”

வடிவம்மையும் சிரித்தார். “இன்னும் மிச்சம் இருக்கா ஐயா?”

பனி விலகி வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. சுடலைமுத்து தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே நின்றார்.

“ஒண்ணு இருக்கு தாயே. சொல்ல வெக்கமா இருக்கு.”

“கருவாட்டையே சொல்லிட்டீங்க.”

“ஏழு வயசில வந்தது. எங்க அம்மா தலையில உப்புக் கூடையோட சந்தைக்கு நடப்பா. பங்குனி வெயில். காலுக்குச் செருப்பு கிடையாது. என்னை மட்டும் அவ நிழலுக்குள்ளேயே நடத்திக் கூட்டிட்டுப் போவா. வீட்டுக்கு வந்து பார்த்தா அவ உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அப்போ சொன்னேன், நான் பெரியவனானா உலகம் பூராவும் நிழல் போட்டுருவேன்னு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘போடு ராசா’ன்னா.”

“போட்டீங்களா?”

“பதினோரு வேம்பு வச்சேன். நாலுதான் பிழைச்சுது. மத்ததெல்லாம் ஆடு கடிச்சிருச்சு.”

செல்லத்தாய் இப்போது சிரிக்கவில்லை.

“சரி. அதையும் சொல்லி முழுகுங்க,” என்றார் வடிவம்மை.

முழுகினார். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தார். எங்கும் பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே அல்லி இலைகள் விரிந்து கிடந்தன. அவற்றின் நிழலில் சின்னச் சின்ன மீன்கள் அசையாமல் நின்றன. குளிர்ந்த தரையில், கூடையோடு ஒருத்தி அவசரமில்லாமல் நடந்து போகிற மாதிரி இருந்தது.

மூச்சு முட்டி மேலே வந்தார்.

“போகலை தாயே.”

“இன்னொரு தரம்.”

இன்னொரு தரம் முழுகினார். பிறகும் ஒரு தரம். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“போகலை. போயிருச்சுன்னு பொய் சொல்லிக் காவி வாங்க எனக்கு மனசு வரலை. இத்தனை வருஷம் சோறு போட்டீங்க. நான் ஊருக்கே போயிடறேன்.”

அவர் முகத்தில் வழிந்தது குளத்துத் தண்ணீர் மட்டுமில்லை.

“அம்மை, அண்ணாச்சிக்கு ஜன்னி கண்டிரும். ஏறச் சொல்லுங்க,” என்றாள் செல்லத்தாய்.

வடிவம்மை அவள் கையிலிருந்து காவித்துணியை வாங்கிக்கொண்டார். படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அவர் பக்கத்தில் போய் நின்றார். துணியை விரித்தார்.

சுடலைமுத்து பின்வாங்கினார். “மிச்சம் இருக்கே தாயே.”

“ஒரு கை அள்ளிக் குடிங்க.”

குடித்தார்.

“இந்தக் குளத்தை வெட்டினது யார்னு தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. என் குருவுக்கும் தெரியாது. வெட்டினவரும் சின்னப் பிள்ளையில, தொண்டை வறண்டு வந்த யாரையோ பார்த்திருப்பார்.”

வடிவம்மை துணியை அவர் தோளில் போர்த்தினார்.

“இதெல்லாம் நம்மால ஆகிற காரியமான்னு அவர் அன்னிக்கு விட்டிருந்தா, இன்னிக்கு நீங்க எங்கே ஐயா முழுகியிருப்பீங்க?”