ப்ராக்ரஸில் இருந்த சோறு

வெகு காலத்துக்கு முன்னால், ஆவரங்காட்டு நாட்டை மதிவதன பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பேரில் இருந்த மதி தலைக்குள் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும். புதுசாக எதைக் கண்டாலும் மனசைப் பறிகொடுத்துவிடுவார். ஒரு வருஷம் பேசும் கிளி, அடுத்த வருஷம் கூவும் கடிகாரம், அதற்கடுத்த வருஷம் இங்கிலீஷ்.

இங்கிலீஷைக் கொண்டுவந்தவன் ஏகாம்பரம் என்கிற அரசவை அதிகாரி. துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரர்களோடு கொஞ்ச நாள் பழகிவிட்டு வந்தவன். மந்திரி மாசிலாமணியின் நாற்காலி மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

அப்படியிருக்கையில் நெடுங்கரை ஊரிலிருந்து பூவாயி என்றொரு விவசாயப் பெண் சபைக்கு வந்தாள்.

"சாமி, எங்க ஏரிக்கரை வெடிச்சுக் கிடக்கு. ஐப்பசி மழைக்குள்ள மண்ணு போட்டு மூடலேன்னா ஊரே தண்ணியோட போயிரும்."

ராஜா வேலையை ஏகாம்பரத்திடம் ஒப்படைத்தார். அவன் ஏரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பூவாயி மறுபடி வந்து கேட்டபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வேலை ப்ராக்ரஸில் இருக்கிறது" என்றான்.

"அப்படியென்றால்?" என்றார் ராஜா.

"முன்னேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், மகாராஜா."

"பலே" என்று கைதட்டினார் ராஜா. பூவாயி ஒன்றும் விளங்காமல் ஊருக்குத் திரும்பினாள். அடுத்த முறை வந்தபோது, "ஃபார்வர்டு செய்திருக்கிறோம்" என்றான். முன்னே அனுப்பியிருக்கிறோம் என்று அர்த்தமாம். எதை, எங்கே, யாருக்கு என்று எவனும் கேட்கவில்லை. அதற்கும் அடுத்த முறை, "அட்வான்ஸ்டு ஸ்டேஜுக்கு வந்துவிட்டது" என்றான். வெகுதூரம் முன்னே போய்விட்டதாம். ராஜா பூரித்துப்போய் அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, நான் நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு கூடை மண்கூட விழவில்லை" என்றார்.

"மந்திரியாருக்கு இங்கிலீஷ் வராத எரிச்சல்" என்றான் ஏகாம்பரம், சால்வையை நீவிக்கொண்டே.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி ஏரிக்கரை என்று வாயைத் திறந்தால் மந்திரி பதவி உமக்கு இல்லை. ஏகாம்பரத்துக்குத்தான்."

"உத்தரவு" என்று வணங்கிய மாசிலாமணி, நேரே அரண்மனை அடுக்களைக்குப் போனார். சமையல்காரர் நெல்லையப்பனைத் தனியே கூப்பிட்டுக் காதோடு காதாக ஏதோ சொன்னார்.

மறுநாள் மத்தியானம் ராஜாவுக்கு நல்ல பசி. இலை போட்டாயிற்று. சோறு வரவில்லை.

"நெல்லையப்பா, சாப்பாடு என்னாச்சு?"

"ப்ராக்ரஸில் இருக்கிறது, மகாராஜா."

"அட, அடுக்களை வரைக்கும் இங்கிலீஷ் வந்துவிட்டதே" என்று ராஜா மகிழ்ந்துபோனார். அந்த மகிழ்ச்சி கொஞ்ச நேரம் தாங்கியது. வயிறு கிள்ள ஆரம்பித்ததும் மறுபடி கேட்டார்.

"ஃபார்வர்டு செய்திருக்கிறோம், மகாராஜா."

வெயில் சாய்ந்தது. ராஜாவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை கேட்டதற்கு, "சாம்பார் அட்வான்ஸ்டு ஸ்டேஜில் இருக்கிறது" என்று பதில் வரவும், எழுந்து தாமே அடுக்களைக்கு நடந்தார். ஏகாம்பரமும் பின்னாலேயே ஓடினான். அங்கே அடுப்பில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாசிலாமணி கைகட்டி நின்றார்.

"இது யார் வேலை? தலையை வாங்கிவிடுவேன்."

"என் வேலைதான், மகாராஜா. தலையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. தங்களுக்குக் காட்டிய சோறும் அந்த அம்மாவுக்குக் காட்டிய கரையும் ஒரே பானையில் வெந்தவை. தங்களுக்கு அரைநாள் பசி. கரை உடைந்தால் அந்த ஊருக்கு வருஷம் பூராவும் பசி."

ராஜா பூனையைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார். "கரையில் மண் போட்டாயா, இல்லையா? தமிழில் சொல்."

"அது வந்து... ப்ராக்..."

"தமிழில்."

"போடவில்லை, மகாராஜா."

ராஜா சாப்பிடக்கூட நிற்கவில்லை. இருந்த ஆட்களையும் வண்டிகளையும் திரட்டிக்கொண்டு அன்றைக்கே நெடுங்கரைக்குப் புறப்பட்டார். ஏகாம்பரத்தின் சால்வையைச் சுருட்டிச் சும்மாடாக அவன் தலையில் வைத்து, அதன்மேல் முதல் கூடை மண்ணைத் தூக்கி வைத்தவர் ராஜாவேதான். "கரை முடியும்வரை நீ இங்கேதான். யார் கேட்டாலும் முடிந்தது, முடியவில்லை, இந்த இரண்டில் ஒன்றுதான் உன் வாயிலிருந்து வரவேண்டும்" என்றார். பட்டினியாக வந்த ராஜாவுக்குப் பூவாயி ஒரு கிண்ணம் கூழ் கொடுத்தாள். அவர் மூன்று கிண்ணம் குடித்தார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கரை அசையவில்லை. தை மாதம் பூவாயி புது அரிசியை மடியில் கட்டிக்கொண்டு சபைக்கு வந்து, "உங்க புண்ணியத்துல ஊரு பிழைச்சுது, சாமி" என்று கும்பிட்டாள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார்.

"நன்றி நான் சொல்லவேண்டியது, தாயி. தலை போனாலும் போகட்டும் என்று என்னைப் பட்டினி போட்ட இந்த மந்திரிக்குச் சொல்லவேண்டும். அவருக்கு முன்னால் உனக்குச் சொல்லவேண்டும். புரியாத வார்த்தையைக் கொடுத்து ஒவ்வொரு தடவையும் உன்னைத் திருப்பி அனுப்பினோம். ராஜா கேட்பார் என்று நம்பி மறுபடி மறுபடி வந்தாயே."

பூவாயி அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

"வேற எங்க சாமி போவேன்?" என்றாள்.

ராஜா இரண்டு கைகளாலும் அந்த அரிசியை வாங்கிக்கொண்டார்.