கல்மேல் வைத்த தவளை

"வழிகாட்டிக்கெல்லாம் பேர் போட்டா, கட்டுரையில எனக்கு இடம் இருக்காதுப்பா" என்று முனைவர் சேதுநாதன் போனில் சிரித்தது, ஜீப்புக்குப் பின்னால் நின்ற மயிலாத்தாவின் காதில் விழுந்தது. அவருக்கு வழிகாட்டியாக ஆனைமலைக் காட்டில் மூன்று மழைக்காலம் அலைந்து, அவர் கட்டுரை எழுதிய புதுத் தவளை இனத்தைக் கண்டுபிடித்தவளே அந்தக் காடர் பழங்குடிப் பெண்தான்.

மறுநாள் நிருபர்கள் வந்தார்கள்.

"ஏய், சீக்கிரம் அந்தத் தவளையைப் பிடிச்சு இவங்களுக்குக் காட்டு" என்றார் முனைவர் மயிலாத்தாவிடம்.

"கண்டுபிடிச்சது நீங்கதானே சார்? நீங்களே காட்டுங்க."

அவரும் விறைப்பாக ஓடைக்கரைப் பாறைக்கு அழைத்துப் போனார். "இது பாறையில் மட்டுமே வாழும் இனம். கட்டுரையில் படத்தோடு எழுதியிருக்கிறேன்" என்றார். ஒரு மணி நேரம் குனிந்து தேடினார். காலில் அட்டைகள் ஏறியதுதான் மிச்சம்.

"எங்கேம்மா இருக்கு அது?" என்று ஒரு நிருபர் மயிலாத்தாவிடம் கேட்டார்.

அவள் தலைக்கு மேலே கை காட்டினாள். "மரப்பொந்துல. அது கீழேயே இறங்காது. அன்னிக்கு சாரால மரம் ஏற முடியல. நான்தான் பிடிச்சாந்து, போட்டோவுக்காக இந்தக் கல்லு மேல வச்சேன்."

முனைவர் குனிந்து அட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நிருபர் தன் குறிப்பேட்டில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முனைவர் பெயரை அடித்துவிட்டு, மயிலாத்தா என்று எழுதினார்.