லென்ஸ் நின்ற இடம்

உப்பளத்துப் பறவைகளை எண்ணப் போகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதை இது. சிலர் வாயில் அந்தப் பறவை பவளக்காலியாக இருக்கும். பலர் வாயில் கொசு உள்ளான். தை மாதம் என்பாரும் உண்டு, மாசி என்பாரும் உண்டு. எவர் சொன்னாலும் கேமரா மட்டும் மாறுவதில்லை. சட்டைப் பையில் அடங்கிவிடும் சின்னக் கேமரா. ஆனால் அதன் லென்ஸ் நீண்டால் முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் சனிக்கிழமைதோறும் பறவைக் கணக்கு எடுத்துவந்தவர் பெர்பெத்துவா டீச்சர். மற்ற நாட்களில் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவார். வயது நாற்பதைத் தொடவில்லை. அவரிடம் பறவை பார்க்கக் கற்றவர்களில் மூத்தவர் கோமதிநாயகம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபது வயதுக்கு மேல் பெரியவர். ஆயினும் வரப்பில் டீச்சர் முன்னே நடக்க, அவர் பின்னேதான் நடப்பார்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் கிளம்புமுன் ஒவ்வொருவரும் தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதில் ஒரு 'தெரியாது'வாவது இருந்தாகவேண்டும். அது இல்லாத கணக்கை டீச்சர் ஏற்பதில்லை.

"எல்லாந் தெரிஞ்சுபோச்சுன்னா அடுத்த சனிக்கிழமை எதுக்கு வரணும்?" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, டயர் கடை வைத்திருக்கும் செல்வின் தன் பெரிய லென்ஸைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் இருந்த சின்னக் கேமராவைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் டிரான்சிஸ்டர்தானா? செய்தி எத்தனை மணிக்கு?"

"உன் பீரங்கியைத் தூக்கிக்கிட்டு வாய் பேசாம நட. வரப்பு இடிஞ்சிரப் போவுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் உள்ளே தைத்தது. செல்வின் பூநாரைகளைத் தேடி அடுத்த அளத்துக்குப் போனபின் டீச்சரிடம் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க டீச்சர். இது நல்ல கேமராவா, இல்ல சும்மா ஒப்பேத்துற சாமானா?"

டீச்சர் கையை நீட்டி அதை வாங்கினார். அளம் முழுதும் விழும்படி ஒரு படம் எடுத்தார். நின்ற இடத்திலேயே லென்ஸை நீட்டி, தொலைவில் உப்பு அம்பாரத்தின்மேல் உட்கார்ந்திருந்த காக்கையை ஒரு படம். பிறகு குனிந்து, வரப்போரத்துச் செடியில் ஊர்ந்த எறும்பை ஒரு படம். மூன்றையும் காட்டினார்.

"இந்த மூணுக்கும் செல்வின் மூணு லென்ஸ் மாத்தணும்."

"அப்போ நல்ல கேமரா."

"காக்காயைப் பெரிசாக்கிப் பாருங்க."

பார்த்தார். இறகு இறகாக இல்லை. கரியைக் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது.

"அப்போ மட்டம்."

"கேட்டதெல்லாம் குடுக்குது அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தன் கையில பிடிச்சுக்கிடுது. எதைப் பிடிச்சுக்கிடுதுன்னு நமக்குத் தெரிஞ்சிருந்தா போதும்."

இதைக் கேட்டு அவருக்கு ஆறுதலும் இல்லை, வருத்தமும் இல்லை. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதை வாங்கச் சொன்னவள் அவர் மனைவி வடிவு. கடையில் அவர் பெரிய கேமராவைக் கையில் எடுத்தபோது, "அது நம்ம வீட்டுப் பீரோவுக்குள்ளயே படம் எடுத்துக்கிட்டுக் கிடக்கும். உங்க பையில கிடக்கிறதா ஒண்ணு பாருங்க" என்றாள். கடைக்காரனே சிரித்துவிட்டான்.

முந்திய குளிர்காலத்தில் அவளும் இதே உப்பளத்துக்கு வந்திருந்தாள். பறவைகளுக்குப் பட்டை கட்டுகிறவர்கள் வந்திருந்த நாள் அது. பறவையை வலையில் பிடித்து, காலில் எண் எழுதிய மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டி விட்டுவிடுவார்கள். ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் ஒரு நிறம். இங்கே கட்டுவது வெள்ளை. அந்தப் பறவையை வேறெங்கேனும் ஒருவர் கண்டு தெரிவித்தால், கட்டியவர்களுக்குச் செய்தி வந்து சேரும். அன்று ஒரு கொசு உள்ளானை வடிவின் உள்ளங்கையில் வைத்து, விடச் சொன்னார்கள். ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை. அது உடனே பறக்கவில்லை. அவள் கையில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டே போனது. அதன் எண் நானூற்று எழுபத்தொன்று.

"மறுபடி வருமா?" என்று வீடு சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆனி மாதம் அவள் இறந்துபோனாள். இந்தக் குளிர்காலம் முழுதும் கோமதிநாயகம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. உள்ளான்களின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை, காலைத்தான் பார்த்தார்.

செல்வின் கேலி செய்த அன்று உச்சிவெயிலில், பாத்தியின் அக்கரையில் மேய்ந்த கூட்டத்தில், ஓர் உள்ளானின் காலில் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருக்கக் கண்டார்.

கேமராவை எடுத்து லென்ஸை நீட்டினார். வரப்பில் முழங்கையை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டார். லென்ஸ் முழுதும் நீண்டு நின்றது. உள்ளான் ஒரு புளியங்கொட்டை அளவில் தெரிந்தது. காலில் வெள்ளைத் தீற்றல். ஒரு படம் எடுத்தார். மறுபடி பெரிதாக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். லென்ஸ் நின்றபின்னும் படம் பெரிதாகிக்கொண்டே போனது. தீற்றல் பட்டையாயிற்று. பட்டையில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. அழுத்தினார். திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்.

கேமராவைச் சட்டை நிழலுக்குள் மறைத்துவைத்துப் பார்த்தார். நான்கு. ஏழு. ஒன்று.

அவர் ஓடியதை அதற்கு முன் அந்த உப்பளத்தில் யாரும் பார்த்ததில்லை. பம்பு கொட்டகை நிழலில் டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் திரும்பி வந்திருந்த செல்வின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வந்திருக்கு டீச்சர். வடிவு விட்டது வந்திருக்கு."

செல்வின் எழுந்துவந்து பார்த்தான். இந்தமுறை அவன் கேலி பேசவில்லை.

"அண்ணாச்சி, கானல் இந்த ஆட்டம் ஆடுதே. இதுக்கு முன்னாடி என் பீரங்கியும் உங்க டிரான்சிஸ்டரும் ஒண்ணுதான். நான் பூநாரையே பாதி விட்டுட்டு வந்துட்டேன்."

"உனக்குத் தெரியலேன்னா இல்லேன்னு ஆயிருமாடே?"

செல்வின் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கேமராவை வாங்கினார். எல்லாப் படங்களையும் பார்த்தார். பிறகு, பெரிதாக்குவதற்கு முன் எடுத்த முதல் படத்தை அவரிடம் காட்டினார்.

"இதுல என்ன தெரியுது?"

"கொசு உள்ளான்."

"அப்புறம்?"

"கால்ல பட்டை."

"அப்புறம்?"

கோமதிநாயகம் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"லென்ஸ் இங்க நின்னுபோச்சு அண்ணாச்சி. இதுக்கு மேல உள்ளதை யாரு எடுத்தா?"

"கேமராதான்."

"அது பாக்கலையே. பாக்காததை எங்கருந்து எடுத்துச்சு?"

"பக்கத்துப் புள்ளியைப் பாத்து நடுவுல நிரப்பும்னு கடைக்காரன் சொன்னான்."

"நிரப்பும். கறுப்பும் வெளுப்புமா நிரப்பும். அதை நானூத்தி எழுபத்தொண்ணுன்னு வாசிச்சது யாரு?"

கோமதிநாயகத்தின் முகம் சிவந்தது.

"உங்களுக்கு இது ஒரு எண்ணு டீச்சர். ஏட்டுல ஒரு எண்ணு. எனக்கு அப்படியில்லை."

டீச்சர் இவ்விடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்வோர் உண்டு. பிடிக்கவில்லை, தண்ணீர்ப் புட்டியை மட்டும் நீட்டினார் என்போரே மிகுதி.

"சாயங்காலம் கணக்கு சொல்லும்போது இதை எப்படிச் சொல்லுவீங்க?"

"நானூத்தி எழுபத்தொண்ணு வந்துச்சுன்னு சொல்லுவேன்."

"ஒரு தெரியாதுகூட இல்லாமலா?"

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"நான் தடுக்கலை. நீங்க சொன்னா அப்படியே எழுதிக்கிடுதேன்" என்றார் டீச்சர். "இல்ல, கடக்காத்து வரட்டும், கானல் அடங்கட்டும்னு உக்காந்தீங்கன்னா நானும் கூட உக்காருதேன்."

செல்வினுக்குக் கடையைத் திறக்கவேண்டியிருந்தது. போகும்போது, "அண்ணாச்சி, என் ஸ்டாண்டை வச்சுக்கிடுங்க. கை ஆடாது" என்று அதை வரப்பில் ஊன்றிவிட்டுப் போனான்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகத்தால் சும்மா இருக்கமுடியவில்லை.

"கொஞ்சம் கிட்ட போயிப் பாப்பமா?"

"கூட்டம் எந்திச்சிரும். எந்திச்சா இன்னைக்கு இறங்காது."

"அது போயிருச்சுன்னா?"

"போயிருக்கும்."

மதியம் திரும்பியது. கடற்காற்று வந்தது. அக்கரையில் உருகி நெளிந்துகொண்டிருந்த உப்பு அம்பாரங்கள் ஒவ்வொன்றாக விளிம்பு கட்டி நின்றன. ஆனால் வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது.

"வெளிச்சம் இருக்கையிலேயே எடுக்கணும்" என்றார் டீச்சர். "இதுக்குக் கண்ணு சின்னது. மங்கலாச்சுன்னா எல்லாத்தையும் மாவாக் குழைச்சுப்போடும்."

காற்று பாத்தியின் ஆழமற்ற தண்ணீரை மெல்ல இக்கரைக்குத் தள்ளியது. தண்ணீரோடு பூச்சி வந்தது. பூச்சியைக் கொத்திக்கொண்டே உள்ளான்களும் வந்தன. தலை நிமிராமல், தையல் இயந்திரத்து ஊசிபோலக் கொத்திக் கொத்தி, இவர்கள் இருப்பதையே பொருட்படுத்தாமல், வரப்புக்கு வெகு அருகில் வந்துவிட்டன. பட்டை கட்டியதும் அவற்றுள் இருந்தது.

கோமதிநாயகம் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினார். லென்ஸைப் பாதிகூட நீட்டவேண்டியிருக்கவில்லை. உள்ளான் திரை நிறைய நின்றது. முதுகில் இறகின் ஓரங்கள்கூடத் தெரிந்தன. பட்டை கட்டிய கால் மட்டும் தண்ணீருக்குள் இருந்தது.

அவர் விரல் பொத்தானின்மேல் இருந்தது. ஸ்டாண்டு ஆடவில்லை. அவர் அழுத்தவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"எடுக்காம விட்டா?"

"மத்தியானம் எடுத்தது அப்படியே இருக்கும்."

"அழிக்கச் சொல்ல மாட்டீங்களா?"

"அது உங்க படம் அண்ணாச்சி. நான் எப்படி அழிக்கச் சொல்லுவேன்?"

உள்ளான் ஓரடி எடுத்துவைத்தது. கால் வெளியே வந்தது. அவர் மூச்சை விட்டார். அழுத்தினார்.

படத்தைப் பார்க்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். டீச்சர் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வரப்பில் நின்ற கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பட்டை வெள்ளை இல்லை. வெளிர் மஞ்சள். எண்கள் பளிச்சென்று இருந்தன. அவற்றுள் நான்கும் இல்லை, ஏழும் இல்லை.

"இது நம்ம ஊர்ப் பட்டை இல்லை டீச்சர்."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். "இல்லை."

"மத்தியானம் வெள்ளையால்லா இருந்துச்சு."

"வெயில் ஏறினா வெளிர் மஞ்சளெல்லாம் இதுக்கு வெள்ளைதான். அதையும் பிடிச்சுக்கிடும்."

கோமதிநாயகம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் பட்டை கட்டியது மற்றவற்றோடு கலந்து, அடுத்த கணம் எது அது என்று சொல்லமுடியாதபடி ஆயிற்று.

"அப்போ வடிவு விட்டது?"

"தெரியாது அண்ணாச்சி."

அவர் தலையசைத்தார். பிறகு, கோபமில்லாத குரலில் கேட்டார்.

"அப்போ மத்தியானத்துலருந்து இந்த வெயில்ல நான் யாருக்காகக் காத்துக் கிடந்தேன்?"

டீச்சர் படத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

"இதையும் ஒருத்தர் உள்ளங்கையில வச்சுத்தான் விட்டிருப்பாங்க. வருமா, வருமான்னு அவங்களும் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. வந்திருச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."