வடிவாம்பாளின் ஒரு சொல்

தீர்ப்புச் சொல்லத் துணிவுள்ளவர்கள் இதைப் படிக்கலாம். இரக்கப்பட வந்தவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளட்டும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நெல் வணிகம் செய்த பெரிய வீடு இருந்தது. அவ்வீட்டு மருமகள் வடிவாம்பாள். அவள் பெற்ற ஒரே மகள் அமுதவல்லி, கைகால்கள் முறுக்கிக்கொண்டு பிறந்தவள். கழுத்து நிற்காது, பேச்சு வராது. மகிழ்ந்தாலும் வலித்தாலும் ஒரே விதமாக உரக்கக் கத்துவாள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தாய் ஒருத்திக்கே தெரியும்.

குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியபோது மாமியார் தைலம்மை தட்டில் கற்பூரம் ஏற்றி மருமகள்முன் நீட்டினாள்.

"வீட்டுல கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு இருக்கா. வெளியாள் யார் கேட்டாலும் இது நம்ம வீட்டுப் புள்ளன்னு உன் வாயில வரக்கூடாது. அணைச்சுச் சத்தியம் பண்ணு."

வடிவாம்பாள் கணவனைப் பார்த்தாள். சோமநாதன் தூணில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்தான். அவள் உள்ளங்கையால் சுடரை அணைத்தாள்.

அன்றுமுதல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தாயும் மகளும் நெல் அறைக்குள் போயாக வேண்டும். வெளியே தாழ்ப்பாள் போடுவது தைலம்மையின் மகள் கனகத்தின் வேலை. பாவாடை கட்டிய வயதில் தாய் சொல்லித் தாழிட்டாள்; தாவணி போட்ட வயதில் யாரும் சொல்லாமலே தாழிட்டாள். உள்ளே உமித்தூசியில் குழந்தை இருமும்; கத்த வாயெடுக்கும். பெற்றவளே அந்த வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உடன்பிறந்த தம்பியின் திருமணத்துக்கு அவள் போனதில்லை. சோற்றைச் சூடாக உண்டதில்லை. குழந்தையைச் சுமந்து சுமந்து அவளுடைய வலத்தோள் இறங்கிவிட்டது. "இவளுக்கென்ன, உட்கார்ந்த இடத்துல சோறு" என்று வீட்டார் பேசிக்கொண்டார்கள். வடிவாம்பாள் அழவில்லை. காத்திருந்தாள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. கனகத்தைப் பெண் பார்க்க மீனலோசனி அம்மாள் வருவதாகத் தரகர் வந்து சொன்னார். பெரிய இடம். அந்த அம்மாளின் மூத்த மகனும் அமுதவல்லியைப் போலவே பிறந்தவன். தன் காலத்துக்குப்பின் அவனை இளைய மகனின் மனைவிதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், அத்தகைய பிள்ளையோடு வளர்ந்த பெண்ணாகத் தேடினாள். இந்த வீட்டில் அப்படி ஒரு குழந்தை உண்டு என்று கேள்விப்பட்டே வருகிறாள்.

தைலம்மை பட்டுப் பாவாடையோடு பின்கட்டுக்கு ஓடினாள்.

"வடிவு, கண்ணு, இதைக் கட்டிவிட்டுக் குழந்தையைக் கூடத்துக்குத் தூக்கிட்டு வா."

"எந்தக் குழந்தை அத்தை?"

"வெளையாடாதடி. அந்தச் சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கறேன்."

"வாங்குங்களேன். வந்தவங்க முன்னாடி கற்பூரம் ஏத்தி, எதுக்காகப் பண்ணச் சொன்னீங்கன்னும் சொல்லி வாங்குங்க."

"என் மானம் போறதுக்கா?"

"அப்ப நீங்களே தூக்கிட்டுப் போங்க. என் வாயில எதுவும் வராது."

தைலம்மையே தூக்கிப்போய், கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்த மீனலோசனியின் எதிரே மடியில் கிடத்திக்கொண்டாள். வடிவாம்பாளும் பின்னால் வந்து நின்றாள். அமுதவல்லி வீறிட்டாள்.

"பாட்டி மடின்னா அவ்வளவு சந்தோஷம்! கனகம்னா உசிரையே விடுவா" என்றாள் தைலம்மை.

மீனலோசனி வடிவாம்பாளிடம் திரும்பினாள். "நீதானேம்மா பெத்தவ?"

"இது இந்த வீட்டுப் புள்ள இல்லீங்க."

"புத்தி பேதலிச்சவ" என்று தைலம்மை பல்லைக் கடித்தாள். அப்போது கனகம் எழுந்தாள்.

"அண்ணி மேல தப்பில்ல. இது அவங்க பெத்த புள்ளதான். அம்மாதான் கற்பூரத்தை அணைக்க வச்சாங்க. ஆள் வந்தா ரெண்டு பேரையும் நெல் அறையில இருக்கச் சொல்லுவாங்க. அண்ணன் ஒரு வார்த்தை பேசல. என் கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல, இதுக்குமேல எனக்குப் பொறுக்கல."

மீனலோசனியின் கண்கள் கலங்கின. "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா உன்னைத்தான் கேக்கணும்" என்று மீண்டும் வடிவாம்பாளைப் பார்த்தாள். "வாயில்லாத என் புள்ளைய இவகிட்ட விட்டுட்டு நான் நிம்மதியாக் கண்ண மூடலாமா? நீ சொல்றதுதான் முடிவு."

அந்த வீடு முழுதும் வடிவாம்பாளின் வாயைப் பார்த்து நின்றது. அது அவளுக்கு இனித்தது. அவசரப்படாமல் மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"வேண்டாம்."

மீனலோசனி தாம்பூலத்தைத் தொடாமல் எழுந்து போனாள்.

தனக்காக உண்மையைச் சொன்ன பெண்ணின் மணத்தையே முறித்தாள் வடிவாம்பாள். அவள் செய்தது சரியா?

விடை: அது பழிவாங்கல்தான், மகிழ்ந்தே சொன்னாள். ஆயினும் அவளிடம் கேட்கப்பட்டது கனகத்தின் கல்யாணத்தைப் பற்றியதன்று. தன் துன்பத்தைச் சொல்ல இயலாத ஒருவனின் எஞ்சிய வாழ்நாளைப் பற்றியது. கனகம் தாயின் குற்றத்தைச் சொன்னாள், அண்ணனின் குற்றத்தைச் சொன்னாள். தாழிட்ட கை எவருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை மறைத்தவளை நம்பி அவனை விடக்கூடாது. ஆகவே வடிவாம்பாள் சொன்னது சரியே. குறை ஒன்று உண்டு: தூணில் சாய்ந்து நின்றவனுக்குரிய பங்கை அவள் இன்னும் கொடுக்கவில்லை.