சடையாண்டியின் அட்டி

சடையாண்டியை அவமானப்படுத்தியவர் கணினி அதிகாரி வரதராஜன்தான். "கைநாட்டுக்கு இங்கே என்ன வேலை?" என்று, மூட்டை அடுக்கும் அவரை எல்லார் முன்னாலும் கணினி அறையிலிருந்து வெளியே அனுப்பினார். சடையாண்டி வாசலில் போய் நின்றார்.

அந்த உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் ஒவ்வொரு மூட்டையின் சூடும் கணினியில் ஒரு வரி. எந்த மூலை சூடாகிறது என்று முதலாளி கேட்டார். கணினி லட்சம் வரியையும் துழாவிக்கொண்டே இருந்தது. கிழங்கு அழுகத் தொடங்கியது.

வாசலில் நின்றபடியே சடையாண்டி கேட்டார்: "கைநாட்டு ஒண்ணு சொல்லலாமா சார்? நான் மூட்டையை இறக்க இறக்க, வந்த வரிசையில எழுதி, பக்கத்துப் பக்கத்து மூட்டையைச் சிதறடிச்சிட்டீங்க. நீளம், அகலம், உயரம் பார்த்து நான் அடுக்குற மாதிரி அட்டி அட்டியா, அடுக்கடுக்கா எழுதுங்க. கேட்ட அட்டியை மட்டும் பிரிச்சாப் போதும்."

அப்படி எழுதியதும் நொடியில் பதில் வந்தது. முதலாளி வரதராஜனைப் பாராட்டினார். யோசனை யாருடையது என்று வரதராஜன் சொல்லவில்லை. பிறகு சடையாண்டியிடம் தனியே வந்து, "மன்னிச்சிருங்க" என்றார்.

"திட்டினது எல்லார் முன்னாலயும் சார்" என்றார் சடையாண்டி.

இன்னும் காத்திருக்கிறார்.