ஒன்றும் நடக்காத பத்து நிமிடம்

“வெள்ளிக்கிழமையும் சொதப்பினா நான் கேமராவை மூட்டை கட்டி வெச்சிட வேண்டியதுதான்,” என்றார் விக்டர். “ரெண்டு படம் எடுத்தேன். ரெண்டும் வேண்டாம்னுட்டார் உங்க முதலாளி. உங்க வால்வுல காட்டறதுக்கு என்னதான்மா இருக்கு?”

கேட்டவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சென்னையில் பட்டுப்புடவை, பழரசம், தங்க நகை என்று முப்பது வருடம் விளம்பரப் படம் எடுத்தவர். கோயம்புத்தூர் வால்வுத் தொழிற்சாலை ஒன்று கூப்பிட்டதும், குழாயை அடைக்கிற சமாச்சாரம்தானே, இதில் என்ன வித்தை என்று சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

எதிரே நின்றவளுக்கு இருபத்தேழு. பெயர் பூங்கோதை. வால்வுகளைச் சோதிப்பது அவள் வேலை. அவள் முத்திரை குத்தாமல் ஒரு வால்வும் வாசல் தாண்டாது. தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஃபெயில் போடுவதால் தொழிற்சாலையே அவளை டீச்சர் என்றது.

விக்டரின் முதல் படத்தில் வால்வு அந்தரத்தில் சுழன்றது. பின்னால் எரிமலை வெடித்தது. முதலாளி பழனிவேலப்பன் பார்த்துவிட்டு, எரிமலை யாருதுங்க என்று கேட்டார்.

இரண்டாவது படத்தில் ஓர் அழகி வால்வை மார்போடு அணைத்தபடி கடற்கரையில் நடந்தாள். அசல் வால்வு அறுபது கிலோ. தெர்மாகோலில் செய்து வர்ணம் அடித்திருந்தார்கள். பொண்ணு இடுப்பு என்னத்துக்குங்க ஆகும் என்று முதலாளி உண்மையாகவே கவலைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்டத்தான் படம். அன்றைக்கும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, எதற்கும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அனுப்பியிருந்தார் முதலாளி.

மகள் வயதுப் பெண்ணிடம் போய்ப் படம் எடுக்க வழி கேட்டு நிற்கிறோமே என்று விக்டருக்கு வெட்கமாக இருந்தது.



பூங்கோதை ஒரு வால்வைச் சோதனை மேடையில் பூட்டினாள். உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றினாள். வெளியே ஈரமில்லாமல் துடைத்தாள். அடியில் ஒரு காகிதம் விரித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“பத்து நிமிசம் பாருங்க சார். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

விக்டர் பார்த்தார். பத்து நிமிடம் ஆனது.

“ஒண்ணும் நடக்கலையே.”

அவள் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த வால்வை எடுத்தாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று முடிவு கட்டினார் விக்டர். உயிரில்லாத இரும்புக்கு உயிர் கொடுக்கும் வித்தை தன் கைவசம் இருக்கும்போது இவளிடம் என்ன கேள்வி?

வித்தை பழரச விளம்பரத்தில் கற்றது. கிளிசரினைத் தண்ணீரில் கலந்து மாம்பழத்தின் மேல் தெளித்தால், துளிகள் முத்து முத்தாக நிற்கும். பார்க்கிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அதையே வால்வின் மேல் தெளித்தார். ஒவ்வொரு துளியிலும் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. கடைசித் துளி மெல்ல இறங்கி, விளிம்பில் தயங்கி, சொட்டியது. அந்தச் சொட்டுக்கு வீணை வேறு.

வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தார் விக்டர்.

பின்வரிசையில் இருந்த ஃபிட்டர் ஒருவர் டீயைப் போட்டது போட்டபடி, ஸ்பானரோடு திரையை நோக்கி ஓடிவந்தார். பாதி வழியில்தான் அது படம் என்று அவருக்கு நினைவு வந்தது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பூங்கோதை எழுந்து வந்தாள். கழித்துப்போட்ட வால்வுகளில் மாட்டும் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து டிவியில் கட்டித் தொங்கவிட்டாள்.

“ஒரு சொட்டுதானேம்மா?” என்றார் விக்டர்.

“அங்க ஓடறது தண்ணி இல்லைங்க, எண்ணெய். ஒரு சொட்டு, ஒரு பொறி. அவ்வளவுதானுங்க ஆலை.”

“அப்ப எதைத்தான் காட்டறது? ஒண்ணுமே நடக்கலைன்னு காட்டினா எவன் பார்ப்பான்?”

“அதைப் பாக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளம்.”

 

அன்று ஷிப்ட் முடியும்வரை விக்டர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பது வால்வு பார்த்தார். ஒன்பதாவதற்கு அவர் முஷ்டி தானாக இறுகியிருந்தது. அதற்குப் பிறகுதான் கேமராவை எடுத்தார்.

வேறு ஆள் தேட முதலாளிக்கும் நேரமில்லை.

வெள்ளிக்கிழமை. எரிமலை இல்லை, அழகி இல்லை, வீணை இல்லை. திரையில் துடைத்த வால்வு ஒன்று. அடியில் காகிதம். ஓரத்தில் ஓடும் கடிகாரம். வெட்டே இல்லாமல் பத்து நிமிடம்.

மூன்று நிமிடப் படம் கேட்ட முதலாளி விக்டரைப் பார்த்த பார்வையில், பக்கத்தில் பால் இருந்திருந்தால் திரிந்திருக்கும்.

முதல் நிமிடத்தில் சின்ன அதிகாரி செல்போனைப் பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் அதைக் கவிழ்த்து வைத்தார். ஐந்தாவதில் காபி வந்தது. யாரும் கை நீட்டவில்லை. எட்டாவதில் முதலாளி தும்மினார்.

பத்தாவது நிமிடம் முடிந்தது. காகிதத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

  அதிகாரிகள் முதலாளியைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற பூங்கோதையைப் பார்த்தார்கள். வால்வுத் தொழிற்சாலையில் யார் சொன்னால் செல்லும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும்.

“பாஸா, டீச்சர்?” என்றார் விக்டர்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“எட்டாவது நிமிசத்துல முதலாளி தும்முனாருங்க. நான் திரும்பிட்டேன். மறுக்கா முதல்லருந்து போடுங்க.”

பெரிய அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.